முதல் ஈடு யாருக்கு?

திருவருகைக் காலம் மூன்றாம் ஞாயிறு – மூன்றாம் ஆண்டு
செப்பனியா 3:14-18, பிலிப்பியர் 4:4-7, லூக்கா 3:10-18



இந்த வாரம் கேரல் குழுவோடு நான்கு தெரு சுற்றி வந்தேன். நம் பிள்ளைகளின் பாட்டுக்கு முன்னால் இன்னொன்று தெருவில் போய்க்கொண்டிருந்தது. எண்ணெய் காயும் மணம்! எந்த வீட்டில் முறுக்கு, எந்த வீட்டில் அச்சுமுறுக்கு, எந்த வீட்டில் முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுக்கிறார்கள் என்று கேரல் பையன்கள் வாசலில் நின்றே சொல்லிவிட்டார்கள். திருப்பாடல்களை மனப்பாடம் செய்யச் சொன்னால் இந்தத் திறமை எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை.

இன்று மகிழ்ச்சி ஞாயிறு. திருவருகைக் காலத்தின் ஊதாவுக்கு நடுவே இந்த ஒரு நாள் பீடத்தில் ரோஜா நிறம். சீயோனைப் பார்த்து ஆர்ப்பரிக்கச் சொல்கிறார் செப்பனியா. சிறையில் இருந்துகொண்டு, மகிழுங்கள் என்று பிலிப்பியருக்கு எழுதுகிறார் பவுல். ஆனால் நற்செய்தியில் யாரும் மகிழ்ந்த மாதிரித் தெரியவில்லை. ஆற்றங்கரையில் கூடி நின்ற மக்கள் கலங்கிப்போய் யோவானிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: நாங்கள் என்ன செய்ய வேண்டும்? மகிழ்ச்சி ஞாயிறுக்கு இந்தக் கேள்வியை எதற்காகத் திருச்சபை எடுத்து வைத்திருக்கிறது? அதைச் சொல்வதற்கு முன்னால் உங்களிடம் ஒரு பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியிருக்கிறது.

அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். கிறிஸ்துமசுக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறும். அம்மா கலகலா சுடுவார்கள். மாவைத் தேய்த்து, கத்தியால் சாய்சதுரமாகக் கீறி, எண்ணெயில் போட்டு எடுத்தால், பெயருக்கு ஏற்ற மாதிரி டின்னுக்குள் கலகலவென்று சத்தம் போடும். சட்டிக்குப் பக்கத்தில் நானும் தங்கையும் குத்தவைத்திருப்போம். முதல் ஈடு வெந்து எண்ணெய் வடிந்ததும் எங்கள் கை நீளும். அம்மா அந்தக் கையைக் கண்கரண்டியால் ஒரு தட்டு தட்டிவிட்டு, அந்த ஈட்டை அப்படியே ஒரு எவர்சில்வர் தட்டில் கொட்டி, வாழையிலைத் துண்டால் மூடி என்னிடம் நீட்டுவார்கள். "தெருக்கோடி ஆச்சிக்குக் கொண்டு போய்க் குடு. ஓடாத, நடந்து போ."

ஆச்சி உப்பளத்தில் வேலை செய்தவர். வயதான காலத்தில் தனியாக இருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் கிடையாது. ஆனால் முதல் ஈடு போய்விடுகிறதே என்ற கோபம் வருஷா வருஷம் இருந்தது. அந்த வருஷம் நடு வழியில் நின்றேன். இலையைத் தூக்கினேன். ஒன்று. பிறகு ஒன்று. தட்டில் பள்ளம் விழுந்ததும், மிச்சத்தைப் பரப்பிவிட்டு நிரம்பியிருப்பதுபோல் ஆக்கினேன். கணக்கில் தில்லுமுல்லு செய்யும் வித்தையை அன்றைக்கே கற்றுக்கொண்டேன்.

ஆச்சி தட்டை வாங்கினார். என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. முந்தானை நுனியால் என் வாயோரத்தில் இருந்த தூளைத் துடைத்துவிட்டார். அவர் விரல் நுனியெல்லாம் வெடித்து, வெடிப்புக்குள் வெள்ளை படிந்திருந்தது. அந்த விரல் கன்னத்தில் பட்டபோது சொரசொரவென்று இருந்தது. பலகாரத்தைத் தன் பாத்திரத்தில் கொட்டிக்கொண்டு, உள்ளே போய், ஒரு கைப்பிடி கல் உப்பைக் கொண்டுவந்து தட்டில் வைத்தார். "வெறுந்தட்ட கொண்டு போகக்கூடாது ஐயா. அம்மாட்ட குடு."

வீட்டுக்கு வந்து உப்பைக் கொடுத்தபோது, உள்ளே இருந்த குற்றத்தை மறைக்க அம்மாவிடமே சண்டைக்குப் போனேன். "எதுக்கு மொத ஈட்ட அவங்களுக்குக் குடுக்கணும்? கடைசி ஈட்டக் குடுத்தா என்ன?" அம்மா சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்கள்: "மொத ஈடு மொதல்லயே வாசலத் தாண்டலேன்னா, பெறகு தாண்டாது. நம்ம கை விடாது."

சகோதரர்களே, குருமடத்தில் அறநெறி இறையியல் பல ஆண்டுகள் படித்தேன். அந்த எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் கேட்டதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இப்போது யோர்தான் ஆற்றங்கரைக்கு வாருங்கள். என்ன செய்ய வேண்டும் என்று கேட்ட மக்களுக்கு யோவான் என்ன பதில் சொன்னார்? பாலைவனத்துக்கு வரச் சொன்னாரா? வெட்டுக்கிளி தின்னச் சொன்னாரா? இல்லை. இரண்டு அங்கி வைத்திருக்கிறவர் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடுக்கட்டும், உணவு வைத்திருக்கிறவரும் அப்படியே செய்யட்டும் என்றார். வரி வாங்குகிறவர்களிடம் குறித்ததற்கு மேல் வாங்காதே என்றார். படைவீரரிடம் மிரட்டிப் பறிக்காதே, சம்பளம் போதும் என்றிரு என்றார். துணி வைக்கும் பெட்டி, சோற்றுப்பானை, கல்லாப்பெட்டி, சம்பளக் கவர். மனமாற்றத்துக்கு அவர் காட்டிய இடங்கள் இவ்வளவுதான். எல்லாமே வீட்டுக்குள் இருப்பவை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு அங்கியில் பழையதைக் கொடு என்று யோவான் சொல்லவில்லை. எது என்று குறிப்பிடாமல் விட்டுவிட்டார். அந்த இடத்தைத்தான் நாம் நமக்குச் சாதகமாக நிரப்பிக்கொள்கிறோம். சாயம் போனதை மடித்து எடுத்து வைக்கிறோம். பிள்ளைகள் தின்று அலுத்த பிறகு டின்னின் அடியில் கிடக்கும் தூளையும் உடைசலையும் ஒரு கவரில் போட்டு, வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் கொடுக்கிறோம். கொடுத்தோம் என்ற திருப்தியும் நமக்கு வந்துவிடுகிறது. தட்டில் பள்ளத்தை மறைத்த எட்டு வயதுப் பையன் நம் எல்லாருக்குள்ளும் இருக்கிறான்.

இந்த வருடம் நம் இளையோர் மன்றத்தினர் ஒரு புதுப் பலகாரம் செய்யலாம் என்று வந்தார்கள். கலகலா மாதிரியே, ஆனால் சீனியை மாவில் பிசையாமல், பொரித்தெடுத்த பிறகு பட்டைத்தூள் கலந்த சீனியில் புரட்டுவது. முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோக என்றார்கள். போன சனிக்கிழமை பங்கு இல்லச் சமையலறையில் கூடினோம். நானும் சட்டி முன்னால் நின்றேன். என்ன ஆயிற்று என்று ஊருக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லிவிடுகிறேன்.

முறை சுலபம்தான். கால் கிலோ மைதா, இரண்டு மேசைக்கரண்டி சூடான நெய், சிட்டிகை உப்பு. நெய் மாவில் சேரும்படி விரலால் பிசிறி, தண்ணீர் தெளித்து, பூரிக்கு மாதிரிக் கெட்டியாகப் பிசைந்து, ஈரத்துணி மூடி அரை மணி நேரம் விட வேண்டும். பிறகு மெல்லியதாகத் தேய்த்து, வேண்டிய வடிவில் வெட்டி, காய்ந்த எண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பொன்னிறத்தில் எடுக்க வேண்டும். 100 கிராம் சீனியை ஒரு சுற்று பொடித்து, இரண்டு தேக்கரண்டி பட்டைத்தூள் கலந்து, ஒரு அகலப் பாத்திரத்தில் தயாராக வைத்திருக்க வேண்டும். எண்ணெய் வடிந்ததும் சூடாக அதில் போட்டுக் குலுக்க வேண்டும். அவ்வளவுதான்.

நான் என்ன செய்தேன்? அவசரக்காரன். எண்ணெய் காயும் முன்னாலேயே மாவைப் போட்டுவிட்டேன். துண்டுகள் அடியிலேயே உட்கார்ந்துகொண்டன. நேரம் ஆனது. வெளியே எடுத்தால் பிழியலாம் போல எண்ணெய். பெரியவர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "ஃபாதர், வெதுவெதுப்பா இருக்கும்போது போட்டா இப்படித்தான்." லவோதிக்கேயா திருச்சபை எனக்கு ஞாபகம் வந்தது. குளிர்ச்சியும் இல்லாமல் சூடும் இல்லாமல் இருந்த அந்தச் சபையை ஆண்டவர் எப்படிக் கண்டித்தார் என்று திருவெளிப்பாடு மூன்றாம் அதிகாரத்தில் படித்திருக்கிறீர்கள்.

இதற்கு அடுப்படிக் காரணம் ஒன்று உண்டு. எண்ணெய் 170, 180 டிகிரிச் சூட்டில் இருந்தால், மாவு விழுந்த கணமே அதற்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே பாயும். நாம் பார்க்கிற குமிழும், கேட்கிற சடசடப்பும் அதுதான். உள்ளிருந்து வெளியே பாயும் ஆவி எண்ணெயை உள்ளே விடாது. மேல்தோலும் சட்டென்று இறுகிவிடும். எண்ணெய் வெதுவெதுப்பாக இருந்தால் ஆவிக்கு வேகம் இல்லை. மேல்தோல் இறுகவும் நேரம் பிடிக்கும். மாவு எண்ணெயில் ஊறிவிடும். குமிழ் அடங்கினால் தண்ணீர் போய்விட்டது, மொறுமொறுப்பு வந்துவிட்டது என்று அர்த்தம். தன்னிடம் இருந்ததை வெளியே விட்டதால்தான் அதற்கு அந்த மொறுமொறுப்பு.

இன்னும் நுணுக்கமான விஷயம் ஒன்று. பலகாரம் அதிகமாக எண்ணெய் குடிப்பது சட்டிக்குள் இருக்கும்போது என்றுதான் நான் நினைத்திருந்தேன். பெரும்பகுதியை அது சட்டியை விட்டு வெளியே வந்த பிறகுதான் குடிக்கிறது. ஆறத் தொடங்கியதும் உள்ளே இருந்த ஆவி ஒடுங்கும். அந்த வெற்றிடம் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் நம் வீட்டுப் பெண்கள் கண்கரண்டியைச் சட்டி விளிம்பிலேயே தட்டி, உடனே வடிதட்டில் போடுகிறார்கள். வெளியே வந்த முதல் நிமிடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பட்டைச் சீனி ஒட்டுவதும் அந்த நிமிடத்தில்தான். ஆறிய பிறகு எவ்வளவு குலுக்கினாலும் சீனி பாத்திரத்தின் அடியில்தான் கிடக்கும்.

நாமும் அப்படித்தான். தியானம் முடித்து வருகிறோம். பாவசங்கீர்த்தனம் செய்து எழுகிறோம். திருப்பலி முடிந்து படி இறங்குகிறோம். உள்ளே நெருப்பு பட்டிருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் வாசலில் செருப்பு மாட்டுகிற முதல் நிமிடத்தில் நம்மேல் எது ஒட்டுகிறது? பக்கத்து வீட்டுக் குறையா, பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டிய தட்டா? மனம் சூடாக இருக்கும்போதே கை நீளாவிட்டால், அந்த இடத்தைப் பழைய எண்ணெய் பிடித்துக்கொள்ளும். அம்மா சொன்னதும் இதுதான்: முதலிலேயே தாண்டவில்லை என்றால் பிறகு தாண்டாது.

சட்டியும் எண்ணெயும் விவிலியத்திலும் உண்டு. லேவியர் நூலின் இரண்டாம் அதிகாரம் சட்டியில் சமைத்த படையலைப் பற்றிப் பேசுகிறது. மெல்லிய மாவு வேண்டும், எண்ணெய் வேண்டும், உப்பு இல்லாமல் படைக்கவே கூடாது. ஆனால் தேனை ஆண்டவருக்கான நெருப்பில் இடக்கூடாது. காரணம் அங்கே எழுதப்படவில்லை. அடுப்படியில் நின்றவர்களுக்கு ஒன்று தோன்றும்: இனிப்பு நெருப்பில் சீக்கிரம் கருகும். நம் பட்டைச் சீனியும் அப்படித்தான். அது சட்டிக்குள் விழுந்தால் கசந்துவிடும், எண்ணெயும் கருத்துவிடும். நெருப்புக்கு வெளியேதான் அதற்கு இடம். உப்போ முதலிலேயே மாவுக்குள் போய்விட வேண்டும், யார் கண்ணிலும் படாமல். இனிப்பை எடுத்துக்கொடுப்பது அந்தச் சிட்டிகை உப்புதான்.

சரி, இந்தப் பட்டை எங்கிருந்து வந்தது? நம் மன்னார் வளைகுடாவுக்கு அந்தக் கரையில் இருந்து. இலங்கைத் தமிழர் இதைக் கறுவா என்பார்கள். கொழும்பில் கறுவாத்தோட்டம் என்று ஒரு பகுதியே இருக்கிறது. தென்னிலங்கையில் இன்றும் கையால்தான் உரிக்கிறார்கள். இளங்கிளையை வெட்டி, மேல்தோலைச் சுரண்டிவிட்டு, பித்தளைக் கோலால் தேய்த்து இளக்கி, உட்பட்டையைக் கிழியாமல் கழற்றி, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, நிழலில் காயவைக்கிறார்கள். நல்ல கறுவா சுருட்டுபோல மெல்லிய அடுக்குகளாக இருக்கும், கையாலேயே நொறுங்கும். கடையில் தடித்து, மரம்போல் கடினமாகக் கிடைப்பது பெரும்பாலும் வேறு இனம். வெட்டிய கறுவா மரம் சாவதில்லை. அடிக்கட்டையிலிருந்து புதுத் தளிர்கள் கிளம்பும். அவைதான் அடுத்த அறுவடை. ஈசாயின் அடிமரத்திலிருந்து தளிர் ஒன்று துளிர்க்கும் என்று எசாயா கண்டதைத் திருவருகைக் காலத்தில் நாம் வாசிக்கிறோம். கறுவா உரிப்பவர் அதைத் தன் தோட்டத்தில் பார்க்கிறார்.

விவிலியத்தில் இந்தப் பட்டையைத் தேடிப் பாருங்கள். இரண்டு இடங்கள் என்னை அசைத்தன. விடுதலைப் பயணம் 30ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் மோசேக்குத் திருப்பொழிவு எண்ணெய் செய்யும் முறையைச் சொல்கிறார். 250 செக்கேல் நறுமண இலவங்கப்பட்டை அதில் சேர வேண்டும். அந்த எண்ணெயைச் சொந்த உடம்பில் பூசிக்கொள்ளக்கூடாது, வீட்டு உபயோகத்துக்கு அதே முறையில் செய்யவும் கூடாது. அது முழுக்க ஆண்டவருக்கு.

இன்னொரு இடம் திருவெளிப்பாடு 18ஆம் அதிகாரம். பாபிலோன் விழுகிறது. தங்கள் சரக்கை வாங்க ஆளில்லையே என்று வணிகர்கள் அழுகிறார்கள். அந்தச் சரக்குப் பட்டியலில் பட்டை இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, மெல்லிய மாவு இருக்கிறது, கோதுமை இருக்கிறது. நம் சமையலறை மேடையில் இருந்தவைதான்! பட்டியல் எங்கே முடிகிறது தெரியுமா? அடிமைகளில். மனித உயிர்களில். எல்லாம் ஒரே விலைச்சீட்டில்.

அதே பட்டைதான் அங்கேயும் இங்கேயும். முதல் ஈடு யாருக்கு என்பதில்தான் ஒன்று திருப்பொழிவு எண்ணெயாகவும் மற்றது பாபிலோனின் சரக்காகவும் பிரிகிறது.

வரலாறும் இதற்குச் சாட்சி. இலங்கைக் கறுவாவுக்காகப் போர்த்துகீசியரும் ஒல்லாந்தரும் மோதிக்கொண்டார்கள். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். அதே ஆண்டில் தூத்துக்குடியையும் பிடித்தார்கள். கறுவா முழுவதும் அவர்களின் கும்பினிக்கே சொந்தம். உரிக்கும் மக்கள் தலைக்கு இவ்வளவு என்று கொண்டுவந்து கொட்ட வேண்டும். அனுமதியில்லாமல் மரத்தை வெட்டினாலோ, பட்டையை விற்றாலோ மரண தண்டனை வரை சட்டம் இருந்தது. திருவெளிப்பாட்டின் பட்டியல் எவ்வளவு சரியாக முடிகிறது பாருங்கள்.

அதே ஆட்சியில் கத்தோலிக்க வழிபாட்டுக்கும் தடை. கிட்டத்தட்ட முப்பது வருடம் அங்கிருந்த நம் மக்களுக்குக் குருக்கள் இல்லை. 1687இல் கோவாவிலிருந்து ஒரு குரு வந்தார், தூத்துக்குடி வழியாக, கூலியாள் கோலத்தில். அவர்தான் புனித ஜோசப் வாஸ். யாழ்ப்பாணத்தில் நோயில் விழுந்து எழுந்து, கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைப் பார்த்து எந்த முகம் மாறுகிறது என்று பார்ப்பதற்காக. இத்தனை வருடம் காத்திருந்த குருவானவர் அந்தத் தெருவுக்குப் பிச்சைக்காரராக வந்தார். வாசலில் நிற்பவன் யார் என்று பார்க்காத வீட்டுக்கு அவர் வந்ததே தெரிந்திருக்காது. 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலி முகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். மரக்கலங்கள் அந்தத் தீவுக்குக் கறுவாவை அள்ளப் போயின. இவர் வெறுங்கையோடு, கொடுக்கப் போனார்.

இன்று இலங்கைக் கறுவாவை அதிகம் வாங்கும் நாடுகளில் முன்னால் நிற்பது மெக்சிகோ. அங்கே கிறிஸ்துமசுக்கு முந்தைய ஒன்பது இரவுகள், டிசம்பர் 16 முதல் 24 வரை, பொசாதாஸ் என்று ஒரு பக்தி முயற்சி உண்டு. தங்குமிடம் என்று பொருள். 1587இல் அகோல்மான் மடத்து அகுஸ்தீன் சபைத் துறவிகள் தொடங்கிய வழக்கத்திலிருந்து வளர்ந்தது. மக்கள் இரண்டாகப் பிரிவார்கள். ஒரு பாதி தெருவில், மறு பாதி வீட்டுக்குள். தெருவில் நிற்பவர்கள் சூசையப்பராகவும் மாதாவாகவும் இடம் கேட்டுப் பாடுவார்கள். உள்ளே இருப்பவர்கள் இடமில்லை என்று பாட்டாலேயே விரட்டுவார்கள். கடைசியில் வந்திருப்பது யார் என்று தெரிந்து கதவைத் திறப்பார்கள். திறந்ததும் எல்லாருக்கும் விருந்து. அந்த நாட்களில் கைமாறும் பலகாரங்களில் ஒன்று புனுவேலோஸ். கோதுமை மாவை அப்பளம்போல் மெல்லியதாக இழுத்து, எண்ணெயில் பொரித்து, பட்டைச் சீனி தூவுவார்கள். நம் இளையோர் செய்ததற்கு அது பெரியம்மா மகள் மாதிரி.

அந்தப் பலகாரம் எப்போது வருகிறது என்பதுதான் எனக்குப் பிடித்தது. கதவு திறந்த பிறகு. வெளியே நின்றவர்கள் உள்ளே வந்த பிறகு. அதுவரை உள்ளே இருப்பவர்களும் தொடுவதில்லை.

சரி, நாம் என்ன செய்ய வேண்டும்? யோவான் ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவரவர் கைக்கு எட்டியதைச் சொன்னார். நானும் அப்படியே சொல்கிறேன்.

வீட்டில் பலகாரம் சுடுகிறவர்களே, இந்த வருடம் எண்ணெய்ச் சட்டி ஏறாத வீடு ஒன்று உங்கள் தெருவில் இருக்கும். இந்த ஆண்டு சாவு விழுந்த வீட்டில் பலகாரம் சுடமாட்டார்கள். நம் வழக்கம் அது. சுடாமல் இருப்பது அவர்கள் வழக்கம் என்றால், கொண்டுபோய்க் கொடுப்பது நம் வழக்கம். திருநாள் கொண்டாடிய மக்களிடம், ஒன்றும் தயாரிக்காதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள் என்று நெகேமியா காலத்திலேயே சொல்லியிருக்கிறது. முதல் ஈடு அந்த வீட்டுக்கு. அடுத்தது, தீபாவளிக்கும் ரம்சானுக்கும் உங்களுக்குத் தட்டு அனுப்பிய வீடுகளுக்கு. ஊரைவிட்டு வந்து நம் ஊரில் கட்டட வேலை செய்யும் வடமாநிலத் தம்பிகள் கிறிஸ்துமஸ் இரவை ஒரு தகரக் கொட்டகையில் கழிப்பார்கள். அவர்களுக்கும் ஒரு தட்டு போகட்டும். சர்க்கரை நோய் உள்ள தாத்தாவுக்கு மட்டும் சீனி தூவாமல், உப்புப் போட்டதை எடுத்து வையுங்கள். அன்பு என்ற பெயரில் ஆளைப் படுக்கையில் தள்ள வேண்டாம்.

கடை வைத்திருப்பவர்களே, கறுவா என்று சொல்லி வேறு பட்டையைக் கொடுக்காதீர்கள். குறித்த எடைக்குக் குறைக்காதீர்கள். பண்டிகைக் கூட்டத்தைப் பார்த்து விலையை ஏற்றாதீர்கள். வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களே, கிறிஸ்துமஸ் போனசை 24ஆம் தேதி ராத்திரி கடையடைத்த பிறகு கொடுத்தால், அவர்கள் எப்போது மாவு வாங்குவது, எப்போது சுடுவது? இந்த வாரமே கொடுங்கள். சம்பளமும் ஒரு ஈடுதான். அதற்கும் சூடு ஆறக்கூடாது.

பிள்ளைகளே, தட்டு கொண்டுபோவது உங்கள் வேலை. வழியில் இலையைத் தூக்காதீர்கள். தூக்கிவிட்டால் பரப்பி மறைக்காதீர்கள். கொடுக்கும்போதே, இரண்டு நான் எடுத்தேன் என்று சொல்லிவிடுங்கள். என்னால் அன்றைக்குச் சொல்ல முடியவில்லை. ஆச்சி போன பிறகும் அந்த இரண்டு என் கணக்கில் நிற்கிறது.

சாரிபாத்து ஊர்க் கைம்பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். பானையில் ஒரு கையளவு மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். எனக்கும் மகனுக்கும் கடைசிச் சாப்பாடு, சாப்பிட்டுச் சாகலாம் என்றிருந்தார். எலியா அவரிடம் முதலில் எனக்கு ஒரு சிறிய அப்பம் சுட்டுக் கொண்டுவா, பிறகு உங்களுக்குச் சுட்டுக்கொள் என்றார். படிக்கும்போது எனக்கே கோபம் வரும். பட்டினி கிடப்பவளிடம் முதல் ஈடு கேட்கிறாரே! ஆனால் அந்த முதல் அப்பம் வாசலைத் தாண்டியதில்தான் அந்த வீட்டின் கதை மாறியது. அதன் பிறகு பானையில் மாவு தீரவில்லை, கலயத்தில் எண்ணெய் வற்றவில்லை. பிசைந்த மாவில் முதலில் எடுப்பது புனிதமானால் மாவு முழுவதும் புனிதம் என்று உரோமையருக்கு எழுதிய மடலில் பவுல் சொல்வதும் இதைத்தான். வெளியே அனுப்பும் ஒரு தட்டு, வீட்டில் மீதி இருக்கும் டின் முழுவதையும் ஆசீர்வதிக்கிறது.

அம்மாவின் கடைசிக் காலத்தில் ஒருமுறை ஆச்சியின் உப்பைப் பற்றிக் கேட்டேன். அந்த உப்பை என்னம்மா செய்வீங்க? அம்மாவுக்குக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. "அடுத்த வருசக் கலகலா மாவுலதான் போடுவேன். வேற எதுக்கு?" அப்படியென்றால், நாங்கள் ஆச்சிக்கு அனுப்பிய தட்டுகளிலெல்லாம் ஆச்சியின் உப்பே இருந்திருக்கிறது. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று அன்றிலிருந்து எனக்குக் கணக்குப் பிடிபடவில்லை.

இன்னும் சிறிது நேரத்தில் காணிக்கைப் பவனி வரும். கோதுமை அப்பத்தைத் தட்டில் வைத்து என்னிடம் தருவீர்கள். நம் மாவு, நம் உழைப்பு. அது பீடத்துக்குப் போகும். ஆண்டவர் அதை வாங்கிக்கொள்வார். நாம் வழியில் எடுத்து மறைத்ததெல்லாம் அவருக்குத் தெரியும். நம் வாயோரத்தில் ஒட்டியிருப்பதும் தெரியும். ஒன்றும் கேட்காமல் துடைத்துவிடுவார்.

பிறகு அந்தத் தட்டு உங்களிடம் திரும்பி வரும். கையை நீட்டிப் பாருங்கள். அவர் வெறுந்தட்டைத் திருப்பி அனுப்புகிறவர் அல்ல.

ஆமென்.